7 ஆயிரத்தில் பூட்டு, 28 ஆயிரத்தில் திறப்பு: ஊரடங்குத் தளர்வு எந்தக் கணக்கில் முடிவானது?

2021 ஜூன் 21 அன்று தமிழ்நாட்டில் ஒரு நாள் கொரோனா பாதிப்பு 7 ஆயிரத்துச் சொச்சம். அன்று கோவையிலும் திருப்பூரிலும் தஞ்சாவூரிலும் பேருந்து ஓடவில்லை, டாஸ்மாக் கடை திறக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, 2022 ஜனவரி 27 அன்று ஒரு நாள் பாதிப்பு 28 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அன்றுதான் இரவு ஊரடங்கும் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் நீக்கப்படுகின்றன, பிப்ரவரி 1 முதல் எல்லா வகுப்புகளுக்கும் பள்ளி திறக்கும் என்று அறிவிப்பு வந்தது.

பாதிப்பு குறைவாக இருந்தபோது பூட்டு, நான்கு மடங்கு கூடியபோது திறப்பு. இதில் ஏதோ ஒன்று தப்பு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இரண்டு முடிவுகளுக்கும் அடியில் இருந்தது ஒரே கணக்கு. நாம் மாலைதோறும் தொலைக்காட்சியில் பார்த்த "இன்றைய பாதிப்பு" என்ற எண்ணுக்கு அந்தக் கணக்கில் மிகச் சிறிய இடமே உண்டு. மக்கள் ஒருவரையொருவர் எத்தனை முறை, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட இடத்தில் சந்தித்தால் மருத்துவமனைகள் தாங்கும் என்ற மதிப்பீடுதான் தளர்வு. அந்த மதிப்பீடு எப்படிப் போடப்படுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

தளர்த்தும் அதிகாரம் யாரிடம்?

அரசியலமைப்பின் 7-ஆவது அட்டவணைப்படி பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருகிறது. தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது மட்டும் பொதுப்பட்டியலில் இருக்கிறது. சாதாரண காலத்தில் இதுவே போதும். கொரோனாவின்போது, 2020 மார்ச் 24 முதல் 2022 மார்ச் 31 வரை, இவற்றுக்கு மேல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 வந்து உட்கார்ந்தது. மத்திய உள்துறை அமைச்சகம் அந்தச் சட்டத்தின் கீழ் ஆணை போட்டால் மாநிலம் அதைவிட இறுக்கலாம். நீர்த்துப்போகச் செய்யக் கூடாது. 2020 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஆணைக்குப் பிறகு, நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு (தொற்று கண்டதால் அடைக்கப்பட்ட தெரு அல்லது பகுதி) வெளியே மாநிலம் தானாக ஊரடங்கு போடுவதற்கே மத்திய அரசைக் கலந்து பேச வேண்டியிருந்தது.

இரண்டாம் அலையில் இந்தப் பிடி தளர்ந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு இரண்டு அளவுகளைச் சொல்லி, எங்கே கட்டுப்பாடு தேவை என்ற முடிவை மாநிலங்களிடம் விட்டது. ஒன்று, கடந்த ஒரு வாரத்தில் பரிசோதனை செய்தவர்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தொற்று. மற்றொன்று, மருத்துவமனைப் படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருப்பது. அதனால்தான் அந்த மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகப் பூட்டியது, திறந்தது.

மாநிலத்துக்குள் படிநிலை இப்படி: முதல்வர் தலைமையில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தலைமைச் செயலாளர் தலைமையில் நிர்வாகக் குழு, ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம். முதல்வர் பெயரில் வரும் செய்திக்குறிப்பைத்தான் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள். சட்ட பலம் இருப்பது அதைத் தொடர்ந்து வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை வெளியிடும் அரசாணைக்குத்தான். கடைக்கு அபராதம் போட்டால் அது செல்லுமா என்ற கேள்விக்கு அரசாணையைத்தான் பார்க்க வேண்டும். அபராதத் தொகைகள் வேறு சட்டத்திலிருந்து வந்தன. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939, 2020-இல் திருத்தப்பட்டு, முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, விதியை மீறும் வணிக நிறுவனத்துக்கு 5,000 என்று வந்தது.

மூன்று அளவுகோல்கள்

*1. தொற்று உறுதி விகிதம்*

டி.பி.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். பரிசோதனை செய்த 100 பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதுதான் அது. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்ன அளவு: பரிசோதனை போதிய அளவு நடக்கும் நிலையில், இரண்டு வாரம் தொடர்ந்து 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 'போதிய அளவு நடக்கும் நிலையில்' என்ற நிபந்தனையைப் பலரும் விட்டுவிட்டார்கள். அதை விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனை மாவட்டத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளில் 10,000 பரிசோதனை, அதில் 1,000 பேருக்குத் தொற்று. விகிதம் 10 சதவீதம். அடுத்த நாள் சந்தையில் முகாம் போட்டு, அறிகுறி எதுவும் இல்லாத 5,000 பேருக்குக் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். அதில் 100 பேருக்குத் தொற்று. இப்போது 15,000-க்கு 1,100, விகிதம் 7.3 சதவீதம். நோய் ஒரு துளியும் குறையவில்லை, விகிதம் இறங்கிவிட்டது. மாறாக, பரிசோதனையை 4,000-ஆகக் குறைத்து காய்ச்சல் உள்ளவர்களை மட்டும் சோதித்து 700 பேருக்குத் தொற்று என்றால், "பாதிப்பு 30 சதவீதம் சரிவு" என்று செய்தி வரும். விகிதமோ 17.5-க்கு ஏறியிருக்கும். ஆக, பாதிப்பு, பரிசோதனை, விகிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டுபவர் எந்தக் கட்சியானாலும் நம்ப வேண்டாம்.

பரிசோதனையின் வகையும் விகிதத்தை மாற்றும். விரைவு ஆன்டிஜென் சோதனை, வைரஸ் குறைவாக உள்ளவர்களைத் தவறவிடும். அதைக் கூடுதலாகச் செய்த மாநிலத்தில் விகிதம் தானாகக் குறைவாகத் தெரியும். தமிழ்நாடு பெரும்பாலும் ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையையே நம்பியது. அதனால் நம் விகிதத்தை ஆன்டிஜென் அதிகம் செய்த மாநிலத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. மகாராஷ்டிரம் இதைப் புரிந்துகொண்டு, 2021 ஜூன் 25 அன்று தளர்வுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். முடிவுகளை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதியையே மாற்றியது.

*2. ஆக்சிஜன் படுக்கை*

இறப்பைத் தீர்மானிப்பது இதுதான். 2021 மே மாதம் சென்னையில் அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. உள்ளே படுக்கை இல்லாததால் வண்டியிலேயே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். படுக்கை நிரம்பிய பிறகு, பிழைத்திருக்க வேண்டியவர்களும் இறக்கத் தொடங்குகிறார்கள்.

60 சதவீதம் என்ற எல்லை ஏன்? தேவை 7 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதம் நிரம்பிய மருத்துவமனை 5 நாளில் முழுதும் நிரம்பிவிடும். 40 சதவீதம் என்றால் 9 நாள். 25 சதவீதம் என்றால் சரியாக 14 நாள். ஊரடங்கு போட்டு அதன் பலன் மருத்துவமனையில் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், உண்மையான பாதுகாப்பு இடைவெளி 25 சதவீதத்தில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரம் 2021 ஜூன் 7 முதல் நடைமுறைப்படுத்திய ஐந்து நிலைத் திட்டத்தில் முதல் நிலைக்கு, அதாவது எல்லாம் திறக்கலாம் என்ற நிலைக்கு, விதித்த நிபந்தனையைப் பாருங்கள்: தொற்று உறுதி விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழ், ஆக்சிஜன் படுக்கை 25 சதவீதத்துக்குக் கீழ்.

*3. ஆர் மதிப்பு*

ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்பது. 1-க்கு மேல் இருந்தால் அலை ஏறும், கீழே இருந்தால் இறங்கும். தளர்வுக்கு இதுதான் கையிருப்பு. ஆர் 0.77 என்றால் 1-க்கு இன்னும் 0.23 மிச்சம். திறக்கும் ஒவ்வொரு கடையும் ஓடும் ஒவ்வொரு பேருந்தும் இந்தக் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது.

0.77 என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. தமிழ்நாட்டின் இரண்டாம் அலை உச்சம் 2021 மே 21, அன்று 36,184 பேர். ஜூன் 21-இல் 7,400-ஐ ஒட்டி வந்தது. 31 நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற 5 நாள் என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 0.77 மடங்காகச் சுருங்கியிருக்கிறது. தோராயக் கணக்குதான், ஆனால் அடுத்து வரும் பகுதிக்கு இது உதவும்.

இன்றைய எண், இரண்டு வாரத்துக்கு முந்தைய செய்தி

தொற்று ஏற்பட்டு அறிகுறி தெரிய 4 முதல் 5 நாள். "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று கசாயம் குடித்துப் பார்த்துவிட்டு சோதனைக்குப் போக இரண்டு மூன்று நாள். முடிவு வர ஒரு நாள். ஆக, இன்றைய அறிக்கையில் வருபவர் தொற்றைப் பெற்றது ஒரு வாரம், பத்து நாளுக்கு முன். மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் சேர்பவர் அதற்கும் ஒரு வாரம் முந்தையவர். இறப்பு மூன்று நான்கு வாரத்துக்கு முந்தையது.

இதன் விளைவு நேரடியானது. ஒரு தளர்வு நல்லதா கெட்டதா என்று அறிய குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தளர்வுகள் நடைமுறைக்கு வந்த தேதிகளோ ஜூன் 7, 14, 21, 28, ஜூலை 5. வாரத்துக்கு ஒரு படி. முதல் படியின் பலன் தெரியும் முன்பே இரண்டாம் படி, அது தெரியும் முன்பே மூன்றாம் படி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு படி இறங்கியது போலத்தான். அது தப்பித்ததற்குக் காரணம் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருந்ததே: ஜூலை 5-இல் பாதிப்பு 3,700-ஐ ஒட்டி வந்தது, இரண்டு வாரத்தில் மறுபடி பாதி, ஆர் ஏறக்குறைய அதே அளவு. ஜூலை 5-க்குப் பிறகுதான் செலவு தெரிந்தது. ஜூலை முடிவில் எண்ணிக்கை 2 ஆயிரத்தை ஒட்டி நின்றுவிட்டது. அந்த மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஆர் 0.89-ஐ ஒட்டி வருகிறது, கடைசி நாட்களில் 1-ஐத் தொட்டது.

மூன்று வகை மாவட்டங்கள்

ஜூன் 21 முதல் 38 மாவட்டங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன.

1. வகை 1, 11 மாவட்டங்கள்: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. மேற்கு மண்டலமும் காவிரிப் படுகையும். தளர்வு மிகக் குறைவு இங்கேதான்.
2. வகை 2, 23 மாவட்டங்கள்: மதுரை, திருச்சி, நெல்லை, வேலூர் உட்பட நடுத்தரப் பாதிப்பு.
3. வகை 3, 4 மாவட்டங்கள்: சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு. அதிகத் தளர்வு இங்கேதான். 50 சதவீதப் பயணிகளோடு பேருந்து முதலில் ஓடியதும் இங்கேதான். ஜூன் 28-இல் அது வகை 2-க்கும் நீண்டது.

"அதிகம் பாதித்த சென்னைக்கு அதிகத் தளர்வா?" என்று அப்போது கோபம் எழுந்தது. அலை எல்லா ஊரிலும் ஒரே நாளில் உச்சம் தொடுவதில்லை. சென்னையில் மே நடுவிலேயே உச்சம் வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. மே கடைசி வாரத்தில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. மாநில சராசரியை வைத்து முடிவெடுத்திருந்தால் சென்னையைத் தேவையில்லாமல் பூட்டி, கோவையைத் தேவைக்கு முன்பே திறந்திருப்பார்கள்.

குறை என்னவென்றால், மகாராஷ்டிரம் வரம்புகளை எண்ணாக எழுதி வைத்தது. தமிழ்நாட்டின் அறிவிப்பு மாவட்டப் பட்டியலைத் தந்தது. எண் இருந்தால் ஈரோட்டில் ஒரு கடைக்காரர் "நம்ம மாவட்டம் இன்னும் எவ்வளவு இறங்கணும்" என்று தானே பார்த்துக்கொள்ளலாம். பட்டியல் மட்டும் இருந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

எது முதலில் திறக்கும், ஏன்?

இந்த நோய் முக்கியமாகக் காற்றில் மிதக்கும் நுண்துகள் வழியே பரவுகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இடம் மூடியதா திறந்ததா, எவ்வளவு நேரம், முகக்கவசம் கழற்ற வேண்டுமா, உரக்கப் பேச வேண்டுமா. நடைப்பயிற்சிக்குப் பூங்கா முதலில் திறந்ததும், திரையரங்கம் ஆகஸ்ட் 23 வரை காத்திருந்ததும் இதனால்தான்.

தேநீர்க் கடை விதி நல்ல உதாரணம். ஜூன் 14 முதல் 27 மாவட்டங்களில் தேநீர்க் கடைகளில் பார்சல் மட்டும்; பாத்திரம் கொண்டுவந்து வாங்கிப் போகலாம், கடையருகே நின்று குடிக்கக் கூடாது. பலருக்கு இது விளங்கவில்லை. அதே பால், அதே டிகாஷன், அதே மாஸ்டர். ஆனால் தூக்குவாளியில் வாங்கிப் போக ஒரு நிமிடம், முகக்கவசத்தோடு. நின்று குடிக்க 10 நிமிடம், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, பக்கத்து ஆளோடு பேச்சு. நோய்க்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடம்தான்.

குளிர்சாதனம் கூடாது என்ற நிபந்தனையும் அப்படித்தான். ஜூன் 28 முதல் வகை 3 மாவட்டங்களில் ஜவுளி, நகைக் கடைகளுக்குக் கிடைத்த அனுமதி 'ஏ.சி. இல்லாமல்' என்றுதான் வந்தது. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்பத் தள்ளுகிறது. அதற்காகக் கதவு, சன்னல் எல்லாம் மூடப்படும். ஒருவர் விட்ட மூச்சு மணிக்கணக்கில் உள்ளேயே சுற்றும். ஏ.சி.யை நிறுத்திவிட்டு சன்னலையும் மூடி வைத்த கடைகள் நிபந்தனையின் எழுத்தை மட்டும் பின்பற்றின. விதியின் நோக்கம் காற்றோட்டம்.

நேரக் குறைப்பு பற்றி மட்டும் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். 2021 மே 15 முதல் மளிகை, காய்கறி, இறைச்சிக் கடைகள் காலை 6 முதல் 10 மணி வரை மட்டும். ஒரு நாளில் 600 பேர் வரும் கடை என்றால், 12 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு 50 பேர்; 4 மணி நேரம் என்றால் 150 பேர். 10 மணிக்குப் பிறகு தெருவைக் காலி செய்ய காவல்துறைக்கு இது எளிது. கடைக்குள் நெரிசலோ மூன்று மடங்கு. அத்தியாவசியப் பொருளுக்கு நேரத்தை நீட்டுவதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கைதான். ஜூனில் மாலை வரை நீட்டியதை "தளர்வு" என்று எழுதியது பாதி உண்மை.

அன்றைய அரசாணையை வாசிக்கும் முறை

1. முடியும் தேதியையும் மணியையும் பாருங்கள். பெரும்பாலும் "காலை 6 மணி வரை" என்றிருக்கும். திங்கள் காலை 6 மணிக்கு முடிகிறது என்றால் ஞாயிறு முழுக்கப் பழைய விதிதான்.
2. பட்டியல் எந்தப் பட்டியல் என்று பாருங்கள். இதில்தான் அதிகம் பேர் தடுமாறினார்கள். ஜூன் மாத ஆணைகள் அனுமதிப் பட்டியல்: அதில் பெயர் இல்லாத எதுவும் மூடியே இருக்கும். ஜூலை 5 ஆணை எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றாகி, தடைப் பட்டியலாகத் திரும்பியது: திரையரங்கம், மதுக்கூடம், நீச்சல் குளம், பள்ளி கல்லூரி, உயிரியல் பூங்கா, மாநிலங்களுக்கிடையே பேருந்து, பொதுமக்கள் கூடும் சமுதாய, அரசியல் கூட்டம் ஆகியவை தவிர மற்றவற்றுக்கு வழி திறந்தது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு தாள்கள், பொருள் தலைகீழ்.
3. 'நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தளர்வு இல்லை' என்ற வரியைத் தேடுங்கள். மாவட்டம் திறந்தாலும் உங்கள் தெரு மூடியிருக்கலாம்.
4. இ-பதிவா இ-பாஸா என்று பாருங்கள். இ-பதிவு என்பது விவரத்தைப் பதிந்துவிட்டுக் கிளம்புவது. இ-பாஸுக்கு அதிகாரி ஒப்புதல் வேண்டியிருந்தது. திருமணத்துக்குப் புறப்பட்டு மாவட்ட எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் இதில் குழம்பியவர்கள்.
5. தலைக் கணக்கு. ஜூலை 5-க்குப் பிறகும் திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பு நீடித்தது.

எங்கே சறுக்குகிறது

அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டிவிடுவது முதல் சறுக்கல். 2020 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கு 26-ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும், 25-ஆம் தேதி கோயம்பேடு சந்தையில் கூட்டம் அலைமோதியது. மே தொடக்கத்தில் அந்தச் சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் போனது தெரியவந்து, மே 5-இல் அதை மூடி, கடைகளைத் திருமழிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு வருடம் கழித்து, 2021 மே 24-இல் தொடங்கிய தளர்வுகளற்ற ஊரடங்குக்கு முன், 22, 23 தேதிகளில் கடைகள் இரவு 9 மணி வரை திறக்கவும் வெளியூர்ப் பேருந்து ஓடவும் அனுமதித்தார்கள். நெரிசல் இருந்தது, ஆனால் இரண்டு நாளில் பரவியது. கூடவே நடமாடும் வண்டிகளில் காய்கறி விற்பனைக்கும் ஏற்பாடு வந்தது. பாடம் ஓரளவு படிக்கப்பட்டது.

பண்டிகைக்காகத் தளர்த்துவது இரண்டாவது. 2021 ஜூலையில் கேரளம் பக்ரீத்தை ஒட்டி மூன்று நாள் தளர்வு தந்தது. அதில் ஜூலை 19 அன்று, தொற்று உறுதி விகிதம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்த டி பிரிவுப் பகுதிகளும் அடக்கம். மறுநாள் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது: உயிர் வாழும் உரிமைக்கு வணிக நெருக்கடி குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அதன் சாரம். தன் வரம்பைத் தானே மீறும் அரசின் அடுத்த வரம்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கேரளம் அதன் பிறகு அளவுகோலையே மாற்றியது கவனிக்க வேண்டியது. ஆகஸ்டில் தொற்று உறுதி விகிதத்தைக் கைவிட்டு, ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 1,000 பேருக்கு வாரத்தில் எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்தது. 10-ஐத் தாண்டினால் 'டிரிபிள் லாக்டவுன்' என்ற மிகக் கடுமையான ஊரடங்கு. அறிகுறி இல்லாதவர்களைக் கூடுதலாகச் சோதித்து எண்ணை இறக்கிக் காட்ட இதில் இடமில்லை.

எல்லைக் கசிவு மூன்றாவது. சேலத்தில் பூட்டு, தருமபுரியில் திறப்பு என்றால் சாலையில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜூன் 14-இல் 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தபோது 11 மாவட்டங்களில் மூடியிருந்தது.

பள்ளி: வரிசை தவறிய இடம்

திரையரங்கம் ஆகஸ்ட் 23-இல் திறந்தது. 9 முதல் 12 வகுப்புகள் செப்டம்பர் 1-இல். 1 முதல் 8 வகுப்புகளோ நவம்பர் 1-இல். அதாவது 2020 மார்ச்சில் பள்ளியை விட்டு வந்த முதல் வகுப்புக் குழந்தை, ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இடையில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவமே போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலை 20-ஆம் தேதியே, திறப்பதானால் தொடக்கப் பள்ளியை முதலில் திறப்பது புத்திசாலித்தனம் என்று சொல்லியிருந்தார். சிறு குழந்தைகள் இந்தத் தொற்றைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கையிருப்பு குறைவாக இருக்கும்போது அதை எதற்குச் செலவழிக்கிறோம் என்பது அறிவியல் மட்டும் தீர்க்கும் கேள்வி அல்ல. அந்த வரிசையில் குழந்தைகள் கடைசியில் நின்றதை நியாயப்படுத்த முடியாது.

அப்படியானால் 28 ஆயிரத்தில் எப்படித் திறந்தார்கள்?

மேலே சொன்ன மூன்று அளவுகோல்களோடு நான்காவதாக ஒன்று சேர்ந்திருந்தது: எதிர்ப்பாற்றல். 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில் தமிழ்நாட்டில் 69.2 சதவீதம் பேரிடம் எதிர்ப்பணுக்கள் இருந்தன, கேரளத்தில் 44.4 சதவீதம். அந்த ஆகஸ்டில் கேரளத்தின் அலை இறங்க மறுத்ததற்கும் நம்முடையது மறுபடி ஏறாததற்கும் இதுவே பெரிய விளக்கம். அதற்கு மேல் 2021 செப்டம்பர் 12-இல் மெகா தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. 2022 ஜனவரிக்குள் வயது வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு தவணையாவது போட்டிருந்தார்கள்.

அப்போதைய அலைக்குக் காரணமான ஓமைக்ரான் என்ற கொரோனா திரிபு வேகமாகப் பரவியது, ஆனால் தொற்றியவர்களில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் பங்கு மிகக் குறைவு. நோயாளிகள் பெரும்பாலும் வீட்டுத் தனிமையில் இருந்தார்கள். படுக்கைகளில் பெரும்பகுதி காலியாக இருந்தது. ஜனவரி 20-களில் உச்சம் தொட்டு எண்ணிக்கை இறங்கவும் தொடங்கியிருந்தது. 2021 ஜூனில் 7 ஆயிரம் பேர் என்றால், மே மாதத்து நோயாளிகளும் சேர்ந்து வார்டுகளில் இருந்தார்கள். 2022 ஜனவரியில் 28 ஆயிரம் பேர் என்றால், பெரும்பாலானோர் வீட்டில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

இடையில் கற்ற இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலை இறுதியில் எண்ணிக்கை நின்றுபோனபோது மாநிலம் முழுவதையும் மறுபடி பூட்டவில்லை. கூட்டம் சேரும் இடங்களை மட்டும் மூடும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்திடம் தரப்பட்டது. ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 காலை வரை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. சென்னையின் வேறு சில கடைவீதிகளிலும் அப்படியே. ஆடித் தள்ளுபடி நேரம் அது. கடைக்காரர்களுக்குப் பெரிய இழப்பு. ஆனால் கோவில்பட்டியில் ஒரு கடைக்காரர் அதற்காகத் தன் கடையை மூட வேண்டியிருக்கவில்லை.